வீட்டுக்காரிக்கு உதவிப்பணம் இல்லை

பல்கலைக்கழகம் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் கொடுக்கிறது. கொடுக்கிறது என்று எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அதை வாங்குவதற்கு நான் எதைக் கொடுத்தேன் என்று சொன்னால் உங்களுக்கும் வரும். வராவிட்டால் நீங்கள் ஏதாவது கந்தோரில் வேலை செய்கிற ஆளாக இருக்கவேண்டும்.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தான் போவான். மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் தாயும் தகப்பனும் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக் காணியின் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு யாரும் வருவதில்லை. இது சரியா பிழையா என்று வாதாட நான் வரவில்லை. அப்படித்தான் இருந்தது, இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. நான் மூத்தவள். எனக்குப் பின்னால் ஒரு தங்கச்சி. ஆரையம்பதிக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருந்த எங்கள் வளவும் வீடும் நான் பிறந்த நாளிலிருந்தே எனக்கென்று பேசப்பட்டவை.

சுனாமி அலை வந்த அன்று காலை அம்மாவும் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் வாவிக்கரையில் ஒரு சாவு வீட்டில் இருந்தோம். அப்பா வாவிக்குள் தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் நால்வரும் தப்பினோம். வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் மிஞ்சின. அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தண்ணீர் செய்ததை என்னால் மன்னிக்க முடியும், அதற்குக் கண் இல்லை. பிறகு கண் உள்ளவர்கள் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

வீடு கட்ட அரசாங்கம் தவணை தவணையாகப் பணம் தரும் என்றார்கள். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை என்று போகும். பணம் வேண்டுமென்றால் காணி உறுதிப் பத்திரம் காட்டவேண்டும். எங்கள் உறுதி அலுமாரியோடு கடலுக்குப் போய்விட்டது. காணிப் பதிவுக் கந்தோரில் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு அம்மா உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனார். தன் பேரில் புதிய உறுதி ஒன்று முடித்திருந்தால் போதும். அம்மா அதைச் செய்யவில்லை. என் பேருக்கு நன்கொடையாக எழுதச் சொன்னார்.

“பிள்ளைக்கு இன்னும் கலியாணமே பேசல்லையே, அவசரம் என்னம்மா?” என்று நொத்தாரிசு கேட்டார்.

“அவசரம் இல்ல ஐயா, செலவுதான். இப்ப என்ட பேரில புதுப்பிச்சுப்போட்டு, மறுகா இவளுக்குக் கலியாணம் வரக்குள்ள இவள்ட பேருக்கு எழுதோணும். ரெண்டு தரம் உங்களுக்குக் காசு தர நான் எங்க போக? எப்பிடியும் இவளுக்குரியதுதானே. நேரா இவளுக்கே எழுதுங்க.”

அப்பா வாசலில் நின்று சிரித்தார். “எழுதுங்க ஐயா. நான் எப்பவும் குடியிருக்க வந்தவன்தான். இவ்வளவு நாளும் பொஞ்சாதிட வீட்டில இருந்தன், இனி மகள்ட வீட்டில இரிக்கிறன். வாடகை கேக்காட்டிச் சரி.”

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு தாய் இப்படிச் செய்திருக்கமாட்டாள். எங்கள் ஊரில் இதைப் புத்திசாலித்தனம் என்று சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, அதற்குள் என் பேரில் வளவு, என் பேரில் வங்கிக் கணக்கு. தவணைகள் என் கணக்கில் விழுந்தன. விழுந்த அன்றே எடுத்தோம். சீமெந்து, கம்பி, மரம், மேசன் கூலி என்று போனது. ஒரு ரூபாய்கூட அந்தக் கணக்கில் தங்கவில்லை. வந்துபோன அடையாளம் மட்டும் புத்தகத்தில் பெரிய பெரிய எண்களாக நின்றது.

வீட்டைக் கட்டியவர் எங்கள் ஊர்க் கொந்தராத்துக்காரர். அலைக்கு முன் அவர் சைக்கிளில் திரிந்தவர். அலைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எழும்பிய வீடுகளில் பாதியை அவர்தான் கட்டினார். அவர் கட்டிய எந்தச் சுவரையும் விரலால் தேய்த்தால் மண் கொட்டும். கேட்டால், “காசுக்கேத்த சுவர் மனே” என்பார். அவர் சொந்தமாக மாடி கட்டி, வான் வாங்கியதை ஊரே பார்த்தது. அவருடைய மகன் என்னோடு ஒரே டியூஷனில் படித்தான்.

இன்னொரு தானமும் எங்களுக்கு வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மீனவர்களுக்குப் படகு கொடுத்தது. எங்கள் ஆட்கள் ஆறு என்கிற அந்த வாவியில் மீன்பிடிக்கிறவர் என் அப்பா, கடலுக்கு ஒரு நாளும் போனதில்லை. அதை அவர்களிடம் சொன்னோம். அவர்களிடம் இருந்ததெல்லாம் கடற்படகு. ஒன்றைக் கொண்டுவந்து வளவில் இறக்கி, அப்பாவைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். இயந்திரம் பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. வந்திருந்தாலும் அந்த யுத்த நாட்களில் நினைத்தபடி கடலுக்குப் போக யார் விட்டார்கள்? படகு தென்னைக்குக் கீழே கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் கோழி அடைகாத்தது.

இதற்கு நடுவில்தான் நான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். முகாமிலும் பாதி கட்டிய வீட்டிலும் இருந்து படித்து, கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விவசாய பீடத்துக்கு எடுபட்டேன். படிப்பு இலவசம். தங்க இடம், சாப்பாடு, பயணம், புத்தகம் ஒன்றும் இலவசமில்லை. அப்பாவின் மீனில் வீட்டில் அடுப்பு எரியும், அவ்வளவுதான். கம்பஸ் பிள்ளைகள் ‘பேர்சரி’ என்று சொல்கிற அந்த உதவிப்பணம் கிடைத்தால் நான் படிக்கலாம், கிடைக்காவிட்டால் திரும்பி வரவேண்டும். இதில் மூன்றாவது வழி ஒன்று இருக்கவில்லை.

படிவம் வந்த நேரம் எங்கள் வீடு நிறைய ஆட்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் விழத் தொடங்கி, சனம் எல்லாம் இந்தப் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தது. அப்பாவின் தங்கச்சி, அதாவது என் மாமி, தன் புருசன் பிள்ளைகளோடு வந்து எங்கள் முன் அறையில் இருந்தா. அந்த அறையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் நான் படிவத்தை நிரப்பினேன். அப்பாவும் மாமாவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“பெற்றோர் வருமான வரி செலுத்துபவரா என்று கேட்டிருக்கு” என்று வாசித்தேன்.

“ஓம், கட்டிறன் எண்டு எழுது” என்றார் அப்பா.

“அப்பா, இது அரசாங்கத்துக்குக் கட்டிற வரி.”

“அது யாரெண்டு எனக்கென்ன தெரியும்? ஆத்துக்குள்ள வள்ளத்தில வந்து கேட்டவன் தான்தான் அரசாங்கம் எண்டு சென்னான். துறையில நிண்டு கேட்டவனும் அதைத்தான் சென்னான். சென்றியில நிக்கிற ஆமிக்காரன் வாய் துறந்து ஒண்டும் கேக்கிறல்ல, நல்ல மீனாப் பாத்து எடுத்துப்போட்டு விடுறான். மூண்டு அரசாங்கத்துக்கும் கட்டிறன் எண்டு எழுது.”

“ரசீது இரிக்கா மச்சான்?” என்று மாமா கேட்டார்.

“ஒருத்தன் துண்டு தந்தவன். கொண்டுபோய்க் கந்தோரில காட்டட்டா? மறுகா நீதான் வந்து என்னை வெளியில எடுக்கோணும்.”

எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு நான் ‘இல்லை’ என்று எழுதினேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்கு எரிகிறது. ஒரு மனிதன் தன் வலையில் விழுந்ததில் பாதியை, இயக்கம், அதிலிருந்து பிரிந்தவர்கள், ஆமி என்று துவக்குக் காட்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியோடு வீடு வருகிறான். படிவம் அவனிடம், உன் வலையில் எவ்வளவு விழுந்தது என்று கேட்கிறது. எவ்வளவு வீடு வந்தது என்று கேட்கவில்லை. கடையில் வியாபாரம் செய்கிறவர் லைட் பில்லைக் கழிக்கலாம், லொறிக்கு அடித்த டீசலைக் கழிக்கலாம். அப்பாவிடம் பறித்ததைக் கழிக்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

வீடு யாருடைய பேரில் என்று கேட்ட இடத்தில் என் பேரை எழுதினேன். வங்கிக் கணக்கு உண்டா என்று கேட்ட இடத்தில் உண்டு என்று எழுதினேன். உண்மையை எழுதினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். எல்லாம் அலையில் போய்த் திரும்பக் கட்டியவை என்று எல்லோருக்கும் தெரியும்தானே, யார் இதைப் பணக்காரத்தனம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

வருமானத்தை உறுதிப்படுத்துகிறவர் கிராம சேவகர். எங்கள் ஆட்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வளவைச் சுற்றிப் பார்த்தார். படகைப் பார்த்தார். முன் அறையில் இருந்த சனத்தைப் பார்த்தார்.

“வீடு யாருட?”

“என்ட” என்றேன்.

“ஓகோ, வீட்டுக்காரி. இவங்க யார்?”

“என்ட மாமி ஆக்கள். படுவான்கரையால வந்திரிக்காங்க.”

“வாடகை என்ன குடுக்கிறாங்க?”

மாமிக்கு ஏறிவிட்டது. “வாடகையோ! என்ன விதானையார், நாங்க உடுத்த உடுப்போட ஓடி வந்த ஆக்கள். ரெண்டு ஆடு கொண்டு வந்தம். வேணுமெண்டா அதையும் எழுதுங்க.”

ஆட்டை அவர் எழுதவில்லை. வாடகையை எழுதினார். வீட்டின் ஒரு பகுதியில் வேறு குடும்பம் வசிப்பதாகவும் அதற்கு இன்ன வாடகை பெறலாம் என்றும் எழுதினார். ஓடாத படகுக்கு ஒரு வருடத்து மீன் எழுதினார். வீடு கட்ட வந்த தவணைப் பணத்தை விண்ணப்பகாரியின் கையில் வந்த பணம் என்று எழுதினார். எல்லாவற்றையும் கூட்டினால் பாடசாலை அதிபரை விட என் அப்பா பணக்காரர்.

நான் அவருடைய கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். மனிசர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எங்கள் நாட்டில் கெட்டவர்களை விடப் பயந்தவர்கள்தான் அதிகம் கெடுதல் செய்திருக்கிறார்கள்.

“தங்கச்சி, நான் இருக்கிறதை இல்ல எண்டு எழுதினா என்னைத்தான் பிடிப்பானுகள். போன வருசம் ஒருத்தருக்குக் குறைச்சு எழுதப்போய் மொட்டைப் பெட்டிசம் போட்டுட்டானுகள். உங்கட கணக்குப் புத்தகத்தில எல்லாம் கிடக்குதே, நான் என்ன செய்ய?”

“அப்ப கொந்தராத்துக்காரர்ட மகனுக்கு என்ன எழுதினீங்க?”

அவர் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினார். “கூலி வேலை எண்டு.”

“கூலி வேலையா? மாடி கட்டிற கூலி வேலை எங்க இரிக்கி? நானும் போறன்.”

“மாடி அவர்ட மச்சாள்ட பேரில. வான் மச்சான்ட பேரில. அவருக்கு பாங்கில கணக்கும் இல்ல, புத்தகமும் இல்ல. ஆள் வந்து செல்றதைத்தான் நான் எழுதலாம்.”

இதை நான் திரும்பவும் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. என் வீட்டைக் கட்டிய காசு எனக்கு வருமானம். அதே காசைக் கையில் வாங்கி, சீமெந்துக்குப் பதில் மண்ணைப் போட்டு, மிச்சத்தை மடியில் கட்டியவனுக்கு அது வருமானம் இல்லை. புத்தகத்தில் இருந்தால் வருமானம். மடியில் இருந்தால் கூலி வேலை.

அவர் எழுதியதற்கு மேலொப்பம் வைக்கவேண்டிய பெரிய கந்தோருக்கும் போனேன். அங்கே ஒரு பெண் கிளார்க் என் வங்கிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“வீடு இரிக்கி, படகு இரிக்கி, புத்தகத்தில இவ்வளவு காசு வந்திரிக்கி. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?”

“வந்த காசெல்லாம் சுவரில இரிக்கி மிஸ்.”

“வந்ததா, இல்லையா?”

“வந்தது.”

“அப்ப வருமானம்.”

“ஏன் மிஸ், உங்கட வீட்டையும் அலை அடிச்சிருந்தா உங்களுக்கும் நல்ல வருமானம் வந்திரிக்குமே. அநியாயமா விட்டுட்டீங்க.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மிஸ் புத்தகத்தை மேசையில் போட்டு, வெளியே போகச் சொன்னா. போனேன். வாய்க்காரி என்று எனக்கு அந்தக் கந்தோரில் வைத்த பேர் இன்னும் அழியவில்லை.

கம்பஸுக்குப் போய்ச் சில மாதங்களில் பதில் வந்தது. குடும்ப வருமானம் எல்லைக்கு மேல், உதவிப்பணம் இல்லை. கொந்தராத்துக்காரரின் மகன் அதே கம்பஸில் பொறியியல் படித்தான். அவனுக்குக் கிடைத்தது. நல்ல பொடியன், அதுதான் இன்னும் ஆத்திரம். கன்ரீனில் என்னைக் கண்டு தன் காசில் ரோல்ஸ் வாங்கித் தந்தான்.

“நீ என்னத்துக்குடி எல்லாத்தையும் எழுதினாய்? எங்கட அப்பா செல்றவரு, படிவத்தில உண்மை எழுதிறவன் மோடன் எண்டு.”

“உங்கட அப்பா கட்டின சுவரும் அதைத்தான் செல்லுது” என்றேன். ரோல்ஸைத் தின்றுவிட்டுத்தான் சொன்னேன். பசி.

முதல் வருடம் எப்படிப் போனது என்று விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. நான் அறைத் தோழியின் மெத்தையில் பாதியில் படுத்தேன். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், இரவுக்குப் பாண். அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று இருந்ததால் பொலிஸில் பதிந்த துண்டு இல்லாமல் வெளியே போக முடியாது. அதைப் புதுப்பிக்க அலைந்த பஸ் காசுதான் எனக்குப் பெரிய செலவு. இரண்டாம் வருடம் தொடங்கும்போது விடுதிக் காசு பாக்கி நின்றது. இனி ஏலாது என்று தெரிந்தது.

மேன்முறையீடு செய்தேன். கம்பஸில் அதைப் பார்த்த அதிகாரி வயதானவர், சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார், என்னை உட்காரச் சொன்னார். என் காகிதங்கள் எல்லாவற்றையும் வாசித்த முதல் ஆள் அவர்தான். தவணைப் பணம் முடிந்துவிட்டது, அது இனிக் கணக்கில் வராது என்றார். மாமி ஆட்கள் படுவான்கரைக்குத் திரும்பிவிட்டதால் வாடகையும் வராது. படகை விட்டுவிடலாம். வீடுதான் பிரச்சினை. விண்ணப்பகாரி பேரிலோ பெற்றோர் பேரிலோ அந்தப் பெறுமதியில் வீடு இருக்கும்வரை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வீடு உங்கள் கையில் இல்லை என்று உறுதி கொண்டுவந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார்.

வீட்டை விட்டால் படிப்பு. படிப்பை விட்டால் வீடு. சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி. மற்றபடி அவருக்கும் அந்தச் சட்டத்துக்கும் நான் நன்றி சொல்ல ஒன்றுமில்லை. அலை அடித்துக்கொண்டு போன வீட்டுக்கு ஈடாகத் தந்த வீட்டை, படிக்கவேண்டுமென்றால் விடு என்று சொல்கிற சட்டம் அது.

ஊருக்கு வந்து சொன்னேன். அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தார். அகப்பையோடு திரும்பினார்.

“வீட்ட விடுறதா? பொம்பிளப் புள்ள வீட்ட விட்டுப்போட்டு என்னத்த வச்சுக் கலியாணம் முடிக்கிற? சேட்டிபிக்கட்டயா?”

“படிப்பை விடச் செல்றீங்களா?”

“நான் அப்பிடிச் சென்னனா? ரெண்டையும் வச்சிருக்க வழியப் பார் எண்டுறன்.”

“நீங்க அண்டைக்கு உங்கட பேரில எழுதியிருந்தா...”

“எழுதியிருந்தாலும் தாய் தகப்பன்ட பேரும் கணக்கில வரும் எண்டு நீதானே இப்ப சென்னாய்?”

அது உண்மை. அம்மாவை அதில் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனதும் எனக்கு ஆத்திரம்தான். முடிந்திருந்தால் கோபப்பட ஒரு முகமாவது மிஞ்சியிருக்கும்.

அப்பா அம்மாவிடம் சமாதானம் பேச வந்தார். “அப்ப என்னை விவாகரத்துப் பண்ணிப்போட்டு வேற ஆருட பேருக்கும் எழுது கா. நான் மறிக்கல்ல.”

“நீங்க வாயப் பொத்திக்கிட்டு இரிங்க!” என்று அம்மா அகப்பையை நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் படிவத்தில யார் யார்ட பேரில வீடிருக்கா எண்டு கேட்டிரிக்கி?” என்றார்.

“உங்கட, அப்பாட, என்ட.”

“இளையவள்ட?”

“கேக்கல்ல.”

அம்மா அடுப்பு ஊதினார். “அப்ப அவளுக்கு எழுதுவம். பொம்பிளப் புள்ளைட பேரிலதான் கிடக்கும். வெளியால போகாது.”

“எனக்கு?”

“நீ படிச்சு உத்தியோகம் எடுத்துக் கட்டிக்க மாட்டியா மனே? அவளுக்குப் படிப்பு ஓடுறல்ல. அவளுக்கு வேற என்ன கிடக்கு?”

தங்கச்சி பள்ளிக்கூட உடுப்போடு கதவில் சாய்ந்து நின்று எல்லாம் கேட்டாள். “எனக்கு வேணாம் அக்கா. அந்தச் சுவரில ஒரே மண் கொட்டுது” என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா சொன்னது நியாயமான ஏற்பாடு. வேறு வழி இருக்கவும் இல்லை. ஆனால் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வீடு கொடுக்கவேண்டும் என்று உயிரைக் கொடுத்து உழைத்த ஒரு பெண்ணை, அடுப்படியில் நின்று எந்த மகளிடம் பறித்து எந்த மகளுக்குக் கொடுப்பது என்று யோசிக்க வைத்தது யார்? ஏழைப் பிள்ளை படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட அரசாங்கம்.

அதே நொத்தாரிசிடம் போனோம். தங்கச்சிக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை என்பதால், அம்மாவின் தம்பி அவளுக்காக ஏற்றுக் கையெழுத்து வைக்க வந்திருந்தார். இரண்டு தரம் கூலி கொடுக்கக்கூடாது என்று அம்மா அன்று கணக்குப் போட்டார். இது இரண்டாம் கூலி. நொத்தாரிசு உறுதியை வாசித்தார். அன்புக்கும் பாசத்துக்கும் ஈடாக இன்னார் இன்னாருக்கு நன்கொடையாகக் கொடுப்பது என்று வந்தது. வாசித்து முடித்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

“பிள்ளை, விருப்பத்தோடதானே குடுக்கிறீங்க?”

“இல்ல” என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். அம்மாவின் தம்பி என்னைப் பார்த்தார். அம்மா மேசைக்குக் கீழே என் கையைக் கிள்ளினார். “விருப்பம் எண்டு செல்லு மனே. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“விருப்பம்.”

அவர் பேனையைத் தந்தார். கையெழுத்து வைத்தேன்.

புதிய வருமானச் சான்றிதழ் எழுதி, அது கந்தோர் கந்தோராகப் போய், கம்பஸுக்கு வந்து சேர ஒரு வருடத்துக்குக் கிட்டப் பிடித்தது. யுத்தம் முடிந்த வாரம்தான் என் கணக்கில் பணம் விழுந்தது. வெளியே வெடி கொளுத்தினார்கள், கொடி பிடித்துக்கொண்டு லொறிகளில் போனார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வன்னியில் இருந்த சொந்தக்காரர் யாரிடமிருந்தாவது அழைப்பு வருமா என்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இரண்டு நாள் கழித்து வங்கிக்குப் போய்க் காசை எடுத்தேன். விடுதிப் பாக்கியும் சாப்பாட்டுக் கடைக் கடனும் கொடுத்தேன். மிஞ்சியதில் ஒரு சோடி செருப்பு வாங்கினேன். நான் விட்டுவந்த வீட்டின் முன் கதவுகூட அந்த உதவிப்பணத்தை விட விலை.

படித்து முடித்தேன். அதை யாரும் பறிக்கவில்லை, அதற்குச் சந்தோஷம். பட்டதாரிப் பயிலுநர் என்று சொல்லி ஒரு வேலையும் பிறகு கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் வீடு கட்டுவது எப்படி என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லித் தாருங்கள். தங்கச்சிக்குச் சீக்கிரமே கலியாணம் முடிந்தது. வீடு இருந்தது, கேட்டு வந்தார்கள். அவள் புருசன் வந்து அந்த வீட்டில் குடியேறினான். அப்பாவும் அம்மாவும் வழக்கப்படி வளவின் மூலையில் தகரக் கூரை போட்டு ஒதுங்கினார்கள். அவர்களோடு நானும் ஒதுங்கினேன். எங்கள் ஊரில் தாய் தகப்பன்தான் ஒதுங்குவார்கள். மூத்த மகள் ஒதுங்கியதை ஊர் முதன்முதல் பார்த்தது. எனக்கு இரண்டு இடத்தில் கலியாணம் பேசினார்கள். இரண்டு இடத்திலும் படிப்பைப் பற்றி நல்லபடி விசாரித்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டார்கள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்று எங்கள் பக்கத்துக்கும் வந்தது. பழைய விதானையார் மாறிப்போய்ப் புதியவர் ஒருவர் வந்திருந்தார். இளம் ஆள், மடிக்கணினியோடு வீடு வீடாக வந்தார். அப்பா அவருக்குக் கதிரை போட்டார்.

“இவள் மூத்தவள். கலியாணம் முடிக்கல்ல. இவளுக்கு வீடில்ல. இவள்ட பேரைப் போடுங்க.”

அவர் என் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உங்களுக்குச் சுனாமி வீடு ஒண்டு குடுத்திரிக்கே அக்கா.”

“அது தங்கச்சிட. உறுதி அவள்ட பேரில. அந்தா, அதுதான்.”

“உறுதி யார்ட பேரில எண்டு எங்களுக்கு வேணாம். வீட்டுக் காசு வாங்கினது உங்கட பேரில. ஒருக்கா வீடு எடுத்தவங்களுக்குத் திரும்பக் குடுக்க ஏலாது.”

“அந்த வீடு என்ட பேரில இருந்தா படிக்கக் காசில்ல எண்டு சென்னாங்க. அதால குடுத்தன்.”

“அது கல்வி அமைச்சுப் பக்கம் அக்கா. இது வீடமைப்பு.”

“அப்ப நான் வீட்டுக்காரியா, இல்லையா?”

“எங்கட பட்டியல்படி வீட்டுக்காரிதான்.”

“நல்லது. அதை ஒரு கடிதத்தில எழுதி, முத்திரை குத்தித் தாங்க.”

“யாருக்குக் குடுக்க?”

“என்னைப் பொண் கேட்டு வாறவங்களுக்கு.”

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். கணினியை மூடிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போனார். கடிதம் தரவில்லை.